வளரும் தேவிக்கு ஆயிரத்தெட்டுக் குடம்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நூற்றுப் பதினெட்டு வயது. அவ்வளவு காலமும் அதற்கென்று சபை எதுவும் இருக்கவில்லை. ஆகையால் கோயிலில் குறை இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. பதுளையிலிருந்து ஆகமச் சீராக்கல் பேரவை இரண்டு வேன்களில் வந்து இறங்கிய முதல் நாளே நாற்பத்தொரு குறைகளைக் கண்டுபிடித்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பத்திரண்டாவதும் கிடைத்தது.

அர்த்த மண்டபத்தின் நான்கு கல்தூண்களில் ஒன்றில், முதுகில் கொழுந்துக் கூடை தொங்க ஒரு பெண் செதுக்கப்பட்டிருந்தாள். சிற்ப சாஸ்திரத்தில் இப்படி ஒருத்தி இல்லை என்று பேரவை அறிவித்தது. கூடைமேல் சீமெந்து அப்பித் தாமரையாக்கி, இன்னும் இரண்டு கை வைத்து, பொன்னிறம் பூசி, அவளை மகாலட்சுமியாகப் பதவி உயர்த்தினார்கள். விமானம் குட்டை என்றார்கள். கொடிமரம் நோஞ்சான் என்றார்கள். பலிபீடம் இரண்டங்குலம் விலகி இருந்தது. விலக்கி வைத்தவர்கள் யாரும் உயிரோடு இல்லாததால் விசாரணை வைக்க முடியவில்லை.

பெரிய குறை கோயிலுக்குப் பின்னால் கிடந்தது. கருவறைச் சுவருக்கும் மலைக்கும் நடுவில், ஆள் இறங்கி நின்றால் தலை தெரியாத ஆழத்துக்கு ஒரு கான் ஓடியது. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரை வாங்கி, கோயிலைச் சுற்றிக்கொண்டு போய், தூரத்து ஓடையில் விடுகிற கான். கட்டியவர்கள் கானை வெட்டி முடித்த பிறகுதான் கருவறைக்கு முதல் கல்லை வைத்தார்களாம்.

"அம்மனுக்குப் பின்னால சாக்கடை!" என்றார் பேரவைத் தலைவர் கதிர்காமநாதன். பதுளைக் கடைவீதியில் சீமெந்து, கம்பி வியாபாரம் செய்பவர். "இது எந்த ஆகமத்தில இருக்கு? நான் ஒரு ஆகமத்திலயும் பார்க்கல. ஆகமமே நான் பார்த்ததில்ல, அது வேற விசயம். பார்த்தவங்ககிட்ட கேட்டேன். கானைப் பத்தி அதில ஒன்னுமே போடலன்னு சொல்லிட்டாங்க."

கானை மூடினார்கள். அதன்மேல் வசந்த மண்டபம் எழுந்தது. முன்பக்கச் சரிவில் மண் கொட்டி மேடாக்கி, ஐந்து நிலை ராஜகோபுரம் தொடங்கினார்கள். சீமெந்து யாருடைய கடையிலிருந்து வந்தது என்று தோட்டத்தில் யாரும் கேட்கவில்லை. லொறியிலேயே பெயர் எழுதியிருந்தது.

கோபுரத்துக்கு நேர் கீழே எழுபது படி இறங்கினால், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான இரண்டு லயங்கள். லயங்களின் தலைமாட்டில் பிள்ளைக்காம்பரா: தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அதைப் பார்த்துக்கொள்கிறவள் சிவசக்தி. வயது முப்பத்தாறு. பதினொரு பிள்ளைகள், ஒன்றும் அவளுடையது அல்ல. காலையில் எண்ணுவாள், பதினொன்று. பால் கொடுக்கும்போது எண்ணுவாள், பதினொன்று. சாயந்தரம் தாய்மாரிடம் ஒப்படைக்கும்போதும் பதினொன்று. இந்த எண்ணிக்கை ஒருநாளும் பிசகக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு பெரிய கொள்கை எதுவும் இருக்கவில்லை.

கோபுரம் மூன்றாம் நிலைக்கு வந்தபோது வசந்த மண்டபத்தின் ஓரமாகத் தரையில் ஒரு வெடிப்பு தெரிந்தது. சிவசக்திதான் முதலில் பார்த்தாள். அவள் தோட்டத்து ஆபீசில் சொல்லி, ஆபீஸ் யாருக்கோ சொல்லி, ஒருநாள் மோட்டார் சைக்கிளில் மண்சரிவு பார்க்கிற அதிகாரி ஸாஹிர் வந்தார். வெடிப்பின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு மரமுளைகளை அடித்து இறக்கினார். அவளிடம் ஓர் அளவு நாடாவும், கோடு போட்ட மழைப் போத்தலும் தந்தார்.

"எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருவாங்க. பகல்ல இங்கன நிக்கிறது நீங்கதான். ஒவ்வொரு காலையும் முளைக்கு முளை அளந்து எழுதுங்க. இன்னைக்கு நாப்பது சென்டிமீட்டர். அது கூடிக்கிட்டே போனாலும் சரி, போத்தல்ல ஒரு நாள்ல நூத்தம்பது கோட்டைத் தண்ணி தாண்டினாலும் சரி, புள்ளைகளையும் லயத்து ஆக்களையும் கூட்டிக்கிட்டு ஓடைக்கு அங்கிட்டு இருக்கிற ஸ்கூலுக்குப் போயிரணும். யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்க வேணாம்."

"தலைவர்கிட்ட, சேர்?"

"மலை அவர்கிட்ட கேக்காதே, தங்கச்சி."

அவர் போன பிறகு சிவசக்திக்கு ஒரு கவலை வந்தது. ஊசிமலையில் தரையில் நிற்கிற காய்ந்த கட்டை எதுவும் இரண்டு நாள் தாண்டியதில்லை, அடுப்புக்குப் போய்விடும். முளைகளைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். இரண்டிலும் மஞ்சள் துணி சுற்றி, குங்குமப் பொட்டு வைத்தாள். சாமி என்றால் தொடமாட்டார்கள்.

தொடவில்லைதான். மறுநாள் முளைகளின் முன்னால் கற்பூரம் எரிந்த கறுப்பு இருந்தது. அதற்கு மறுநாள் எலுமிச்சம்பழம். வாரக் கடைசியில், மகளுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்க வேண்டும் என்று எழுதிய துண்டு ஒன்று கல்லடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

சிவசக்தி தன் கொப்பியில் எழுதிக்கொண்டே போனாள். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று. நாற்பத்தாறு.

பேரவைச் செயலாளர் மதுரன் ஒருநாள் வந்து கொப்பியை வாங்கிப் பார்த்தார். எதையும் தீர்மானமாகவே பார்க்கப் பழகிய இளைஞர். அவர் கண்கள் விரிந்தன.

"ரெண்டு முளையும் ஒன்னுக்கொன்னு விலகுதா? தானாவா?"

"வெடிப்பு பெரிசாகுதுங்க ஐயா. சேர் அளக்கச் சொன்னாரு. சாமி இல்லைங்க அது. பொட்டு வச்சது நான்தான்."

"நீங்க வைக்கலக்கா," என்றார் மதுரன் பரிவோடு. "உங்களை வைக்க வச்சது யாரு?"

அடுத்த கிழமை பசறையிலும் பதுளையிலும் சுவரொட்டிகள். *ஊசிமலையில் வளரும் தேவி! தானே தோன்றி, தானே அகன்று, நாளொரு அற்புதம்!* பஸ்கள் வந்தன. மடுல்சீமைக்கு மேலே பாதை இல்லாத பாதையில் கார்கள் வந்தன. இரும்பு வேலி போட்டார்கள். சிவசக்தியின் அளவு நாடாவை மதுரன் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அம்மனுக்கு நாடா பிடிப்பது தையல்காரன் வேலை, அபசாரம். இனிமேல் பேரவையே அளக்கும். அதிகமாக வளர்ந்த நாட்களில் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்.

அப்படித்தான் அறிவித்தார்கள். "பக்தகோடிகளே, இன்று அம்மன் ஐந்து சென்டிமீட்டர்!" என்று மேலேயிருந்து சத்தம் வரும்போதெல்லாம் கீழே சிவசக்தி பிள்ளைகளை எண்ணினாள்.

கும்பாபிஷேகத்தைக் கார்த்திகையில் வைத்தார்கள். ஊசிமலையில் திருவிழா எப்போதும் பங்குனியில், மழை ஓய்ந்த பிறகு. ஆனால் பங்குனியில் பிரதம விருந்தினருக்கு நேரமில்லை. "அம்மன் நூத்திப்பதினெட்டு வருசம் இருந்தவ, இருப்பா. விருந்தினர் அடுத்த எலெக்சன் வரைக்குந்தான்" என்று தலைவர் தீர்மானத்தை விளக்கினார்.

வீட்டுக்கு வீடு காப்புக் கட்டினார்கள். ஊசிமலையில் காப்புக் கட்டினால், அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. பழைய நாளில் பூசாரியும் கரகக்காரரும் மட்டும் கட்டுவார்கள். பேரவை, பக்தியைப் பரவலாக்கும் பொருட்டு, கைப்பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் கட்டியது. அதனால் கோபுரத்துக்கு மணல் சுமக்க ஆள் குறையாமல் இருந்தது என்பது கூடுதல் அருள்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் காலையில் சிவசக்தி போத்தலைப் பார்த்தாள். நூற்றைம்பதுக் கோடு தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. வேலிக்குள் கை விட்டு வெடிப்பைப் பார்த்தாள். முன்பு விரல் போன இடத்தில் முழங்கை வரை போயிற்று. உள்ளே குளிர்ந்த காற்று வீசியது. மலைக்கு உள்ளே காற்று எங்கிருந்து வரும் என்று அவளுக்கு விளங்கவில்லை. கையை வெளியே எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். அதற்குப் பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

லயத்துக்கு ஓடினாள். "எல்லாரும் கெளம்புங்க. ஸ்கூலுக்குப் போயிருவோம்."

நல்லம்மா வாசலில் நின்று மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைசிப் பிள்ளை சிவசக்தியின் பதினொன்றில் ஒன்று. "என்னாக்கா பேசுற? ஸ்கூல் எல்லைக்கு அங்கிட்டுல்ல இருக்கு. கையில காப்பு கெடக்கு. தாண்டிப் போயி புள்ளைக்கு அம்மை கண்ணுல எறங்கிருச்சுன்னா நீயா வந்து பாப்ப?"

"மலை எறங்கிருச்சுன்னா?"

"பேரவை சொல்லட்டும், போறோம்."

பேரவை வசந்த மண்டபத்தில் கூடியிருந்தது. ஸாஹிர் அனுப்பிய கடிதமும் அங்கேதான் இருந்தது. உடனே எல்லோரையும் அப்புறப்படுத்துமாறு எழுதியிருந்தார். பேரவை அதைப் புறக்கணிக்கவில்லை. வெள்ளித் தட்டில் வைத்து அம்மன் பாதத்தில் சமர்ப்பித்திருந்தது.

"நாங்க விஞ்ஞானத்துக்கு விரோதி இல்ல," என்றார் கதிர்காமநாதன். "என் மருமகனே இன்ஜினியர்தான். அதான் இந்தக் கோபுரத்துக்கு அவர்கிட்ட கேக்கவே இல்ல, பாவம், அவருக்கு ஏன் தர்மசங்கடம்! ஆனா போறதா இருக்கிறதான்னு முடிவெடுக்க நாம யாரு? அம்மனைக் கேப்போம். பூப்போட்டுப் பார்ப்போம்."

சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இருக்க வேண்டும். ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். சிவப்பு. கைதட்டல் மலையில் மோதித் திரும்பி வந்தது. திரும்பி வரக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது போல் சிவசக்திக்குப் பட்டது.

எல்லோரும் போன பிறகு, அம்மன் பாதத்தில் கிடந்த மற்றப் பொட்டலத்தை அவள் எடுத்துப் பிரித்தாள். அதற்குள்ளும் சிவப்பு.

பின்னால் யாரோ இருமினார்கள். பூசாரி அழகர். மூன்று தலைமுறையாக அந்த அம்மனுக்குப் பூசை செய்த குடும்பம். பேரவை வந்த பிறகு பதுளைக் குருக்கள் கருவறைக்குள் போனார்; அழகருக்கு மணியடிக்கிற வேலையும், விழாவில் கரகம் தூக்குகிற வேலையும் மிஞ்சின.

"மடிச்சது நான்தான், தங்கச்சி," என்றார். "வெள்ளைப்பூ கெடைக்கல, ரெண்டுலயும் இதையே வைய்யின்னு செயலாளர் சொன்னாரு. மழைக்காலம், கெடைக்காதுதானேன்னு நானும்..."

"கோயில் வாசல்ல நந்தியாவட்டை பூத்துக் கொட்டுதேண்ணே."

அழகர் வாசலைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மழை விடவில்லை. பிரதம விருந்தினரின் வாகனம் பசறைக்கு இப்பால் எங்கோ நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. பாதையில் மண் விழுந்திருக்கிறதாம். "தேவி நம்ம பொறுமையைச் சோதிக்கிறா!" என்று தலைவர் ஒலிபெருக்கியில் தெரிவித்தார். சுபநேரம் காத்திராது, ஆகவே வளரும் தேவிக்கு ஆயிரத்தெட்டுக் குடம் அபிஷேகம் தொடங்கியது. பால் கலந்த தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வெறும் தண்ணீர். வேன்களில் வந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, ஒவ்வொரு குடமாக வெடிப்புக்குள் ஊற்றினார்கள்.

இருநூறாவது குடம். முந்நூறாவது குடம்.

"பார்த்தீங்களா!" தலைவரின் குரல் தழுதழுத்தது. "ஒரு சொட்டு வெளிய வரல! எல்லாத்தையும் குடிக்கிறா! நூத்திப்பதினெட்டு வருசத் தாகம்! இந்தத் தாகத்தைக் கண்டுபிடிச்சது யாரு? நம்ம பேரவை!"

கீழே பிள்ளைக்காம்பராவில் சிவசக்தி எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு, எட்டு. ஒன்பதாவது பிள்ளை தரையில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகவில்லை. வாசல் வழியாகவும் வரவில்லை. சீமெந்துத் தரையின் பிளவிலிருந்து தண்ணீர் மெதுவாகக் கொப்பளித்து வந்தது. மஞ்சள் நிறத்தில் வந்தது. அவள் குனிந்து விரலை நனைத்து முகர்ந்தாள். மஞ்சளும் பாலும்.

மேலே ஊற்றுகிறது எங்கே போகிறது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

லயத்துக்குத் தீர்த்தப் போத்தலோடு இறங்கி வந்த மதுரனும் அதைப் பார்த்தார். "கங்கை!" என்று கத்தினார். "தலைவருக்குச் சொல்லணும்!" போத்தலோடு படியேறி ஓடினார். அவர் பாதிப் படி ஏறுவதற்குள் தண்ணீரின் நிறம் மாறி, செம்மண் குழம்பாக வரத் தொடங்கியது.

சிவசக்தி ஒன்பது பிள்ளைகளை லயத்துக் கிழவி ஒருத்தியிடம் எண்ணி ஒப்படைத்துவிட்டு, மற்ற இரண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஏறினாள். கோயிலில் அழகர் கரகத்தின் பக்கத்தில் நின்றார். வேப்பிலையும் பூவும் சோடித்த செம்பு, ஊர்வலத்துக்குத் தயாராக இருந்தது.

"அண்ணே, கரகம் கடைசி நாள்ல ஓடை தாண்டிப் போகும்தானே? நாம எல்லாரும் பின்னால போவோம்தானே? அப்ப காப்பு கையில இருக்கும்தானே?"

"அம்மா முன்னால போறா. அவ நிக்கிற எடந்தான் எல்லை. அதுனால குத்தமில்ல."

"இப்ப தூக்குங்க."

"இப்பவா? பேரவை..."

"நேத்து ரெண்டு பொட்டலம் மடிச்சீங்க. இன்னைக்கு ஒரு செம்பு தூக்குங்க."

அழகர் அவளைப் பார்த்தார். அவள் இடுப்பிலிருந்த பிள்ளைகளின் மணிக்கட்டில் கிடந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து கரகத்தை எடுத்துத் தலையில் வைத்தார். பறை அடிக்கிறவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கரகம் தலையேறினால் அவர்கள் கை தானாக அடிக்கும்.

கரகம் எழுபது படி இறங்கியது. பறைச் சத்தம் கேட்டு லயத்துக் கதவுகள் திறந்தன. நல்லம்மா பிள்ளைக்காம்பராவிலிருந்து தன் பிள்ளையோடு இன்னும் இரண்டை வாரி எடுத்துக்கொண்டாள். மிச்ச ஆறையும் மற்றத் தாய்மார் தூக்கிக்கொண்டார்கள். "அம்மா கெளம்பிட்டா!" என்று யாரோ கூவினார்கள். கூடை, கோழி, ஆடு, கிழவர்கள், நோயாளிகள், எல்லோரும் கரகத்தின் பின்னால் ஓடை நோக்கி நடந்தார்கள். பேரவை சொல்ல வேண்டும் என்று அப்போது யாருக்கும் நினைவு வரவில்லை.

மேலே அறுநூற்றுப் பன்னிரண்டாவது குடத்தில் அபிஷேகம் நின்றது.

"கவனிக்கவும்! அம்மன் அனுமதியில்லாமல் புறப்பட்டிருக்கிறார்!" ஒலிபெருக்கி அலறியது. "அம்மன் உடனடியாகத் திரும்பவும்!"

அம்மன் திரும்பவில்லை. தலைவரும் செயலாளரும் குருக்களும் குடமேந்தியவர்களும், தீர்மானமில்லாமல் நகர்ந்த தெய்வத்தைப் பிடித்துவருவதற்காக, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள்.

கடைசிக் குடைக்காரர் ஓடையைத் தாண்டியபோது மலை ஒரு பெருமூச்சு விட்டது. இடி போல ஒன்றும் இல்லை. சாக்கிலிருந்து அரிசி கொட்டுகிற சத்தந்தான், ஆனால் நிற்காமல் கொட்டியது. வசந்த மண்டபம் உட்கார்ந்தது. ஐந்து நிலைக் கோபுரம் நின்ற நிலையிலேயே கொஞ்ச தூரம் நடந்து வந்து, பிறகு பிள்ளைக்காம்பராவின் மேல் படுத்தது. லயங்கள் இரண்டும் இருந்த இடம் தெரியவில்லை. ஒலிபெருக்கி மட்டும் மண்ணுக்கு அடியிலிருந்து கொஞ்ச நேரம் இரைந்தது.

சிவசக்தி எண்ணினாள். பதினொன்று. திரும்பவும் எண்ணினாள். பதினொன்று. அப்புறந்தான் தரையில் உட்கார்ந்தாள்.

பேரவை அன்று மாலையே பள்ளிக்கூட மண்டபத்தின் ஒரு மூலையில், நனைந்த வேட்டிகளோடு அவசரக் கூட்டம் நடத்தியது. உயிர் தப்பியதற்கு நன்றித் தீர்மானம் முதலாவது. தலைவரின் சமயோசித ஓட்டம் பாராட்டப்பட்டது. இரண்டாவது தீர்மானத்தைத் தலைவர் எழுந்து நின்றே வாசித்தார்.

"நூத்திப்பதினெட்டு வருசமா அம்மன் அங்க இருந்தா, மலை அசையல. அவ எழும்பின பத்து நிமிசத்தில மலை விழுந்துச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அம்மனை எழுப்பினது யாரு? அந்தப் பொம்பள. கோபுரத்தைச் சாய்ச்சது யாரு?" அவர் குரலில் உண்மையான துயரம் இருந்தது. "நாங்க கட்டினோம். கட்டுறதுக்கு மட்டுந்தான் எங்களுக்குப் பொறுப்பு."

பதினான்கு நாளில் விளக்கம் தரவேண்டும் என்று சிவசக்திக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அவள் அதை வாசித்தாள். பிறகு நல்லம்மாவின் பிள்ளைக்கு அதை மடித்துக் கப்பல் செய்துகொடுத்தாள்.

"எனக்கும் ஒரு கப்பல் செஞ்சு குடு," என்றாள் நல்லம்மா.

இரண்டாம் நாள் பாதை திறந்து ஸாஹிர் வந்தார். எல்லோரையும் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய், மேட்டோரமாக நடந்து பார்த்து, அங்கேயும் இரண்டு முளை அடித்தார்.

"இங்கயுமா, சேர்?"

"சும்மா, கவனத்துக்குத்தான். மழை விடுறவரைக்கும் அளந்துக்கிட்டே இருங்க." புதிய நாடா ஒன்றைத் தந்தார். முளைகளைக் காட்டி, "இதுக்கு ஒன்னும் கட்டிராதீங்க, என்ன?" என்றார்.

சிவசக்தி கட்டவில்லை. மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. ஆனால் அடுப்பு மூட்ட விறகு தேடுகிற இருநூறு பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நன்றாக யோசித்து, ஒரு முளையில் நல்லம்மாவின் வெள்ளாட்டைக் கட்டினாள். ஆட்டு முளையை யாரும் பிடுங்கமாட்டார்கள். ஆட்டை யாரும் கும்பிடவும் மாட்டார்கள்.

மறுநாள் காலை அளக்கப் போனாள். நேற்றைக்கு முப்பது. இன்றைக்கு முப்பத்தொன்று.

நாடாவைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் ஆட்டைப் பார்த்தாள். கழுத்தில் செவ்வந்தி மாலை. நெற்றியில் மஞ்சள். முன்னால் ஒரு வாழைப்பழம், பாதி தின்றது. பள்ளிக்கூட வாசலிலிருந்து மதுரனின் குரல் கேட்டது. யாரிடமோ தொலைபேசியில், பதுளையில் இப்போது எத்தனை குடம் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சிவசக்தி மண்டபத்துக்குள் போனாள். பிள்ளைகளை எண்ணினாள். அழகர் இரண்டு நாளாக மடியில் வைத்திருந்த கரகத்தை ஒரு மேசைமேல் வைக்க, துணி விரித்துக்கொண்டிருந்தார்.

"எறக்காதீங்கண்ணே," என்றாள்.